செவ்வாய், வெள்ளி, பத்து மணிக்கு மேல்

வெள்ளிக்கிழமை காலை பத்து இருபது. ரெட்டியார்பாளையத்தில் ஒரு பூவரச மரத்தடியில் துப்பறியும் தெய்வசிகாமணி நின்றுகொண்டிருந்தார். நின்றுகொண்டிருந்தார் என்பது மரியாதைக்கு. ஸ்கூட்டியின் பின்சீட்டில் ஒருக்களித்துச் சாய்ந்திருந்தார். இடது முழங்கால் அவர் சொன்ன பேச்சைக் கேட்டு மூன்று வருஷம் ஆகிறது.

எதிர் வீட்டில் பச்சைக் கேட். கேட்டின் மேல் பலகை: செல்வாம்பாள் மொழிபெயர்ப்பகம். பிரெஞ்சு, தமிழ், ஆங்கிலம்.

"கல்யாணக் கேசுன்னா மண்டபத்துல ஒரு வாய் சாப்பாடாவது கெடைக்கும்," என்றாள் ஹேமலதா. "இது காத்துக் கேசு. காத்துல வந்த இன்டர்நெட்டு காத்தோட போயிடுச்சாம். போய்ப் புடிச்சிட்டு வாங்கன்னு நம்மள அனுப்பிட்டாங்க."

"வாசலப் பாரு."

"பாத்துக்கிட்டேதான் சார் பேசறேன். வாயும் கண்ணும் எனக்கு வேற வேற."

தெய்வசிகாமணி பச்சைக் கேட்டையே பார்த்தார். இருபத்தாறு வருஷம் போலீஸ் வயர்லெஸ்ஸில் இருந்தவர். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊரார் கஷ்டத்தை எல்லாம் கேட்டவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, தட்டாஞ்சாவடியில் ஒரு லேத்துப் பட்டறையின் மாடியில் துப்பறியும் நிலையம் வைத்தார். கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தி, அது மூடிப்போய், வேலை தேடி அந்த மாடிக்கு ஏறி வந்தவள் ஹேமலதா. ஆறு வருஷமாக அவரோடு இருக்கிறாள். அவள் வாய் ஓயாது. அவருக்கு அதைக் கேட்டுக்கொண்டிருப்பது, பழைய உத்தியோகத்தின் தொடர்ச்சி போல.

வழக்கு சின்னது. அல்லது புதன்கிழமை செல்வாம்பாள் வந்து சொன்னபோது சின்னதாகத் தெரிந்தது.

பாரிசில் ஒரு நோத்தேர். பத்திரங்களைப் பார்க்கும் வக்கீல். பாண்டிச்சேரியில் பிறந்து பிரான்சுக்குப் போனவர்களின் உயில், வீட்டுப் பத்திரம் எல்லாவற்றையும் படமெடுத்து அனுப்புவார். இங்கே மொழிபெயர்த்துத் திருப்பி அனுப்ப வேண்டும். செவ்வாயும் வெள்ளியும் அனுப்பும் நாள். அந்த வேலையைச் செய்வது கோபிநாத். அவனுடைய கம்ப்யூட்டரில் ஓடுவது விண்டோஸ் இல்லை, லினக்ஸ். எட்டு வாரமாக, சரியாகச் செவ்வாயும் வெள்ளியும், பத்து மணிக்கு மேல் அந்தக் கம்ப்யூட்டரில் வயர்லெஸ் அறுந்துபோகிறது. "லைன் இல்ல மதாம், நான் பாத்துக்கறேன்" என்று கிளம்பி வெளியே போவான். ஒன்றரை மணி நேரம் கழித்து வருவான். மறுநாள் காலையில் லைன் தானாக வந்திருக்கும்.

"என் லேப்டாப்பைத் தொறந்து பாத்தேன்," என்றாள் செல்வாம்பாள். "எனக்கு வருது. ஒரே வீடு, லைன் குடுக்கற வயர்லெஸ் பெட்டியும் ஒண்ணுதான். எனக்கு வருது, அவனுக்கு மட்டும் எப்படிப் போகும்?"

அவளுடைய மருமகன் தமிழ்மாறன் அதற்குப் பதில் வைத்திருந்தான். பிரான்சில் இருக்கிறவர்களின் வீட்டுப் பத்திரம் இந்த ஊரில் எத்தனை புரோக்கருக்கு வேண்டும்! பையன் நகலெடுத்து விற்கிறான். லைன் போச்சு என்பது வெளியே போக ஒரு சாக்கு. புகாரை எழுதி மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தான். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் துப்பறிபவர் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் புகார் ஸ்டேஷனுக்குப் போகும்.

போலீஸ் புத்தகத்தில் பேர் ஏறிவிட்டால், பத்திரம் புரளும் எந்த ஆபீசும் கோபிநாத்தை வாசற்படி ஏற்றாது. அவனுக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான்.

"வந்துட்டான் சார்."

பச்சைக் கேட் திறந்தது. ஒல்லியான ஆள். முப்பது வயதிருக்கும். கழுத்தில் கயிறு கட்டி ஒரு பென் டிரைவ் தொங்கியது. மொபெட்டை மிதித்து மிதித்துக் கிளப்பினான்.

"தாலி மாதிரி மாட்டியிருக்கான்," என்றாள் ஹேமலதா, ஸ்கூட்டியை முறுக்கிக்கொண்டே.

விழுப்புரம் சாலையில் பஸ்ஸுக்கும் மணல் லாரிக்கும் நடுவே பின்தொடர்ந்தார்கள். பின்தொடர்வது சிரமமாக இல்லை. அவன் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. தெய்வசிகாமணிக்கு அதுவே உறுத்தியது. திருடப் போகிறவன் கண்ணாடியைப் பார்ப்பான். இவன் மொபெட்டில் கண்ணாடியே இல்லை.

ஒரு மாடிக் கட்டிடத்தின் முன்னால் நிறுத்தினான். கீழ்த்தளத்தில் கண்ணாடிக் கதவு. மேலே பெரிய எழுத்து: மனை, வீடு வாங்க விற்க அணுகவும்.

ஹேமலதா விசில் அடிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "முடிஞ்சுது சார். புரோக்கர் ஆபீசு. தமிழ்மாறன் வாய்க்குச் சர்க்கரை போடணும்."

"உள்ள போறானா பாரு."

போகவில்லை. கண்ணாடிக் கதவைத் தாண்டிப் பக்கவாட்டுப் படியில் ஏறினான். மாடியில் ஒரு பிரவுசிங் சென்டர்.

"பத்தொம்பது படி," என்றாள் ஹேமலதா. "நான் முன்னாடி போறேன். நீங்க பொறுமையா வாங்க. அவன் பத்திரத்தை வித்து, வீட்டைக் கட்டி, கிரகப்பிரவேசம் வைக்கறதுக்குள்ள வந்துடுவீங்க."

அவர் ஏறி முடித்தபோது அவள் வாசலிலேயே நின்றிருந்தாள். முகத்தில் கிண்டல் இல்லை. சென்டர் நடத்தும் கமலவேணி மேசைக்குப் பின்னால் ஃபேனுக்கு முகத்தைக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள்.

"இந்த அம்மாகிட்டக் கேளுங்க," என்றாள் ஹேமலதா.

"அந்தத் தம்பியா?" என்றாள் கமலவேணி. "செவ்வா, வெள்ளி தவறாம வருவாரு. செவுத்தப் பாத்த கேபினு. மொதல்ல வெளிநாட்டுக்கு மெயில் போடுவாரு. பெருசு பெருசா ஃபைலு, போய்ச் சேர நேரமாவும். 'போய்ச் சேந்துடுச்சா அக்கா'ன்னு என்னைக் கேப்பாரு. எனக்கென்னா தெரியும், நான் என்னா பாரிசுலயா உக்காந்திருக்கேன்? அதுக்கப்புறம் இங்கிலீசுல எதையோ படிச்சி நோட்டுல எழுதுவாரு. ஸ்கிரீனு பூரா எழுத்து. ஒரு படம் கெடையாது. என் கடைக்கு வந்து படம் பாக்காத ஒரே ஆம்பள அவருதான்."

"வேற யாராவது அவரைப் பாக்க வருவாங்களா? கீழ இருக்கற ஆபீசுக்காரங்க?"

"அவனுங்க எதுக்கு இங்க வரானுங்க? தண்ணி கேக்க வருவானுங்க. அப்பகூட இந்தத் தம்பி நிமிந்து பாக்காது."

தெய்வசிகாமணி ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். மாதத்தில் நாலு பேர் அவரிடம் வருகிறார்கள். நாலு பேரும் யாரையோ கெட்டவன் என்று முடிவு கட்டிவிட்டு, அதை எழுதிக் கொடுக்கச் சொல்லி வருகிறார்கள். எழுதிக் கொடுத்துக் கொடுத்து அவருக்கு அலுத்துவிட்டது. இவனைப் பற்றி எழுத ஒன்றும் இருக்காதோ என்று தோன்றியது. அது சந்தோஷமா, இன்னும் கொஞ்சம் வேலையா என்று அவருக்குத் தெரியவில்லை.

கோபிநாத் கேபினை விட்டு வெளியே வந்ததும் டீக்கடைக்குக் கூட்டிப்போனார்கள். யார் என்று சொன்னதும் அவன் டீயைத் தொடவில்லை.

"மதாம் என் மேல ஆள் வச்சாங்களா?"

"வச்சாங்க," என்றார் தெய்வசிகாமணி. "எட்டு வாரமா இங்க வந்து அனுப்பறியே, அதை அவங்ககிட்டச் சொன்னா என்னா?"

அவன் நோட்டைக் கையிலேயே வைத்திருந்தான். ஹேமலதா கையை நீட்டினாள். கொஞ்சம் யோசித்துக் கொடுத்தான். பக்கம் பக்கமாகத் தேதி, செய்து பார்த்த வைத்தியம், தோல்வி. நாற்பத்தொன்று வரை எண் போட்டிருந்தது. பவர் சேமிப்பை நிறுத்திப் பார்த்தேன், இல்லை. டிரைவர் மென்பொருளை மாற்றிப் பார்த்தேன், இல்லை. லைனைப் பிடிக்கும் நிரலை எடுத்துவிட்டு வேறு போட்டேன், இல்லை. வயர்லெஸ் கார்டைக் கழற்றித் துடைத்து மாட்டினேன், இல்லை.

"நாப்பத்தொண்ணாவதுல விபூதி போட்டுப் பாத்தியா?" என்றாள் ஹேமலதா.

அவன் சிரிக்கவில்லை. "நான்தாங்க மதாம்கிட்டச் சண்டை போட்டு லினக்ஸ் போட்டேன். வைரஸ் வராது, நின்னு போவாது, மக்கர் பண்ணவே பண்ணாதுன்னு சொன்னேன். தமிழ்மாறன் சார் அன்னிக்கே சிரிச்சாரு. இப்ப அதான் மக்கர் பண்ணுதுன்னு எந்த வாயால சொல்றது? லைன் போச்சுன்னு சொன்னா பழி லைனோட போவும். நானே கண்டுபுடிச்சிச் சரி பண்ணிடலாம்னு பாத்தேன்."

"கட்டிக்கிட்டு வந்தவ அடிக்கறான்னு வெளிய சொல்லாத புருஷன் மாதிரி," என்றாள் ஹேமலதா. ஆனால் நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தபோது இரண்டு கையாலும் கொடுத்தாள்.

தெய்வசிகாமணி கேட்டார். "லைன் போனதும் உன் கம்ப்யூட்டர்ல என்னா தெரியுது? ஒண்ணுமே தெரியலியா?"

"அக்கம்பக்கத்துது எல்லாம் தெரியும் சார். பக்கத்துல கம்ப்யூட்டர் சென்டர் ஒண்ணு, அவங்களது மூணு. எதிர்ல டாக்டர் வீட்டுது. எல்லாம் சொளையாத் தெரியும். நம்ம வீட்டுது மட்டும் இருக்காது."

"அப்ப காது நல்லாத்தான் இருக்கு."

"சார்?"

"ஊரு பேசறது கேக்குது. வீட்டுக்காரன் பேசறது கேக்கல. அந்தம்மா லேப்டாப்புக்கு வீட்டுக்காரன் பேசறது கேக்குது. அப்ப அவனும் பேசிக்கிட்டுத்தான் இருக்கான்." டீயைக் குடித்து முடித்தார். "அந்தப் பெட்டி எப்ப வந்துது?"

"பொங்கலுக்கு. மதாம் புள்ளை பிரான்சுலேர்ந்து லீவுல வந்தப்ப எடுத்தாந்தாரு. அவரே மாட்டிக் குடுத்துட்டுப் போனாரு."

"நீ அதைத் தொட்டுப் பாத்தியா?"

"ஒரு தடவை கை வச்சேன். அவன் வச்ச எடத்துலேர்ந்து அசைக்காதன்னு மதாம் கத்திட்டாங்க. அப்புறம் அது பக்கமே போவறதில்ல. மதாமுக்குத்தான் நல்லா வேலை செய்யுதே, தப்பு என்னுதுலதான்னு விட்டுட்டேன்."

ஹேமலதா அவரைப் பார்த்தாள். ஆறு வருஷப் பழக்கம். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தால் தூங்குகிறார், ஒரு கண்ணை மட்டும் சுருக்கினால் கேஸ் நகர்கிறது. இப்போது ஒரு கண் சுருங்கியிருந்தது.

"என்னா சார்?"

"படி ஏறணுமா அந்த வீட்ல?"

"இல்ல, தரையோட தரை."

"அப்ப போவலாம்."

செல்வாம்பாள் கதவைத் திறந்தாள். அறுபது தாண்டியவள். தலைக்குக் குளித்து நுனியில் முடிச்சுப் போட்ட ஈரக் கூந்தல், நெற்றியில் பெரிய குங்குமம். கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து செத்தவர்; அதற்காக அவள் குங்குமத்தை விடவில்லை. மகன் அருள்முருகனும் அதே பட்டாளத்தில் சொல்தா, சிப்பாய். அவள் கோபிநாத்தைப் பார்த்தாள், பிறகு தெய்வசிகாமணியை.

"புடிச்சிட்டீங்களா?"

"இன்னும் இல்லம்மா. அந்தப் பெட்டியைக் காட்டுங்க."

கூடத்தில் ஒரு மர அலமாரி. அதன் மேல், சீருடையில் சிரிக்கும் மகன் படத்துக்குப் பக்கத்தில் அது இருந்தது. வெள்ளைப் பெட்டி. முகப்பில் பிரெஞ்சு எழுத்து. அதற்கும் மேலே விபூதிப் பட்டை, சந்தனம், சந்தனத்தின் நடுவில் குங்குமம். ஆன்டெனாவைச் சுற்றி ஒரு முழம் மல்லிகை. கீழே பச்சை விளக்குகள் மூன்று மினுக்கின.

"முக்கண்ணன் சார்," என்று முணுமுணுத்தாள் ஹேமலதா.

தெய்வசிகாமணி குனிந்தார். குனிய நேரமாயிற்று. சந்தனம் இன்னும் முழுக்கக் காயவில்லை. பெட்டியில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. சுவரில் இருந்த பிளக்கின் தலையில் குங்குமக் கறை, கட்டைவிரல் அளவுக்கு.

"எப்பம்மா பொட்டு வச்சீங்க?"

"காலையில பத்துக்கு. பத்தரைக்கு ராகு காலம் வந்துடும், அதுக்குள்ள."

"செவ்வாக்கெழமையும் வைப்பீங்களா?"

"செவ்வா, வெள்ளி ரெண்டு நாளும். ஏன்?"

"அதே நாள்லதான் பாரிசுக்கும் அனுப்பறீங்க."

"அம்மனுக்கு உகந்த நாளுன்னு நான்தான் அந்த நாளை வச்சேன். நல்ல காரியம் நல்ல நாள்ல போவட்டுமே."

"பெட்டியைத் தொடைக்கறது?"

"பன்னீர் விட்டு ஈரத்துணியால தொடைப்பேன்."

"பிளக்கைப் புடுங்கிட்டா?"

"புடுங்காமத் தொடைச்சிட்டு ஷாக்கு அடிச்சிச் சாவவா?" அவளுக்குக் கோபம் வந்தது. "எம்புள்ளை ஆப்கானிஸ்தான்ல ஏதோ மலையில கெடக்கறான் சார். ஞாயித்துக்கெழமையானா இந்தப் பெட்டியிலதான் 'அம்மா'ங்கறான். சாமி படத்துக்குப் பொட்டு வைக்கறேன், அவன் கொரல் வர்ற பெட்டிக்கு வைக்கக்கூடாதா? திருடனைப் புடிக்கச் சொன்னா என் பூஜையை விசாரிக்கறீங்க."

"மத்த நாள்ல இதைத் தொடறதில்ல?"

"ராத்திரி படுக்கப்போறப்ப எல்லா சுவிச்சையும் அணைப்பேன். காலையில அஞ்சரைக்கு எழுந்ததும் போடுவேன். அவ்வளவுதான்."

தெய்வசிகாமணி நாற்காலி கேட்டு உட்கார்ந்தார். "ஹேமா, அம்மாவோட லேப்டாப்புல பாரு. இந்தப் பெட்டி இப்ப எந்த வரிசையில, எந்தச் சேனல்ல பேசுதுன்னு."

ஹேமலதா லேப்டாப்பைத் திறந்து இரண்டு மூன்று இடத்தில் தட்டினாள். தட்டுவதை நிறுத்தினாள்.

"பதிமூணு சார்."

"கோபிநாத்து, உன் கம்ப்யூட்டர்ல எத்தினி வரிசை இருக்குன்னு பாரு."

பக்கத்து அறையில் கோபிநாத் ஒரு கட்டளையை அடித்தான். திரையில் எண்கள் வரிசையாக இறங்கின. ஒன்று, இரண்டு, மூன்று. பதினொன்றில் நின்றன. அவன் இன்னும் ஒரு தடவை அடித்தான். மறுபடியும் பதினொன்று.

நோட்டை எடுத்துப் புரட்டினான். நாற்பத்தொரு வைத்தியத்தில் இது இல்லை.

"நான் வயர்லெஸ்ல இருந்தப்ப," என்றார் தெய்வசிகாமணி, யாரையும் பார்க்காமல், "செட்டுக்குள்ள ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு கிறிஸ்டல் மாட்டியிருக்கும். மாட்டாத வரிசையில யாராவது பேசினா எங்க காதுக்கு வராது. பக்கத்து ரூம்ல இருந்து கத்தினாலும் வராது. செட்டு ரிப்பேர்னு நெனச்சிக் கழட்டிக் கழட்டி மாட்டுவோம். ஒரு தடவை ரெண்டு நாள் கழட்டினோம்."

செல்வாம்பாளுக்கு ஹேமலதா விளக்கினாள். இந்த முறை கிண்டல் குறைவு. "இந்தப் பெட்டி முழிக்கறப்ப எல்லாம் அக்கம்பக்கத்துல யாரு எந்த வரிசையில பேசறாங்கன்னு பாக்கும்மா. காலியா இருக்கற வரிசையில போய் உக்காரும். காலையில அஞ்சரைக்கு ஊரு தூங்குது, எல்லா எடமும் காலி. ஒண்ணு, ஆறு, எதுலயாவது உக்காந்துடும். அன்னிக்குப் பூரா ஒரு தொல்லையும் இல்ல. பத்து மணிக்குப் பக்கத்துல சென்டரு தொறந்துட்டான். அந்த நேரம் பாத்து நீங்க இதைப் புடுங்கிப் பொட்டு வச்சி எழுப்பி விடறீங்க. கீழ எல்லாம் கூட்டம். பதிமூணுக்கு ஓடிப்போயிடுது."

"ஓடினா என்னா?"

"பிரான்சுல பதிமூணு வரைக்கும் உண்டு. இது அங்க வாங்கினது. உங்க லேப்டாப்பும் அங்க வாங்கினது, அதனால ரெண்டும் பேசிக்குது. கோபிநாத் கம்ப்யூட்டர்ல இருக்கற வயர்லெஸ் கார்டு அமெரிக்காக்காரன் கணக்குக்குச் செஞ்சது. அவனுக்குப் பதினொண்ணோட உலகம் முடிஞ்சிது."

கோபிநாத் கதவருகே வந்து நின்றான். "அப்ப லினக்ஸ் தப்பு இல்லியா?"

"கார்டு சொன்னதை அது நம்பிச்சி. கார்டு ரெட்டியார்பாளையத்துல உக்காந்துக்கிட்டு அமெரிக்காவுல இருக்கறதா நெனச்சிது," என்றாள் ஹேமலதா. "நீயும் கார்டை நம்பிட்டு உன்னையே சந்தேகப்பட்ட."

"பாத்துடுவோம்," என்றார் தெய்வசிகாமணி. "பேசிக்கிட்டே இருந்தா ஆவாது."

பெட்டியின் அமைப்புப் பக்கம் முழுக்கப் பிரெஞ்சில் இருந்தது. கடவுச்சொல் பெட்டியின் அடியில் ஒட்டியிருந்தது. எடுத்துப் பார்க்க யாரும் கையை நீட்டவில்லை. செல்வாம்பாளே போய், மல்லிகை நழுவாமல் பெட்டியைத் திருப்பிப் படித்தாள். பிறகு லேப்டாப்பின் முன் உட்கார்ந்து, கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு, வரி வரியாக இறங்கினாள்.

"கனால்," என்றாள். "அதான் அந்த வரிசை. ஒத்தொமாத்திக்னு இருக்கு. தானா மாத்திக்குமாம்."

"ஆறுன்னு வைங்க. இனிமே அது ஓடாது."

வைத்தாள். பெட்டியின் விளக்குகள் அணைந்து, ஒன்றொன்றாக எரிந்தன. நால்வரும் கோபிநாத்தின் மேசையைச் சுற்றி நின்றார்கள். திரையில் டாக்டர் வீடு, சென்டர் ஒன்று, சென்டர் இரண்டு, சென்டர் மூன்று. அரை நிமிஷம் வேறு ஒன்றும் இல்லை. பிறகு ஐந்தாவதாக ஒரு பெயர் வந்தது. அருள்.

"புடுங்கிட்டு மறுபடி போடுங்கம்மா," என்றார் தெய்வசிகாமணி.

பிடுங்கினாள். போட்டாள். அருள் மறைந்து, திரும்ப வந்தது. மூன்று தடவை செய்தார்கள். மூன்று தடவையும் வந்தது.

கோபிநாத் தலையைக் குனிந்து விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தான். செல்வாம்பாள் அவன் பின்கழுத்தைப் பார்த்தாள். கழுத்தில் அந்தக் கயிறு.

"அப்ப வெள்ளிக்கெழமை, செவ்வாக்கெழமை இவன் எங்க போனான்?"

"பிரவுசிங் சென்டருக்கு," என்றார் தெய்வசிகாமணி. "உங்க ஃபைலை அனுப்பறதுக்கு. பாரிசுக்கு ஒரு நாள்கூடத் தவறாமப் போனதே, எப்படிப் போச்சுன்னு நெனச்சீங்க?"

அவள் உட்காரவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"எட்டு வாரமா," என்றாள். "என் கையாலயா?"

ஹேமலதா நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினாள்.

போன் அடித்தது. செல்வாம்பாள் எடுத்தாள். மறுமுனையில் தமிழ்மாறன் பேசியது கூடம் முழுக்கக் கேட்டது. அவன் எப்போதும் அப்படித்தான் பேசுவான்.

"அத்தை, அஞ்சு மணி வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? இப்பதான் ஸ்டேஷன்ல குடுத்துட்டு வெளிய வரேன். பேரு, அட்ரஸ் எல்லாம் தெளிவாப் போட்டிருக்கேன். சாயங்காலம் ஆள் அனுப்பிக் கூப்பிடறேன்னாங்க. நீங்க அவனை வீட்டை விட்டுப் போவாமப் பாத்துக்குங்க. நான் வில்லியனூர் வரைக்கும் போயிட்டு வந்துடறேன்."

வைத்துவிட்டான். செல்வாம்பாள் ரிசீவரை வைக்க மறந்து நின்றாள்.

கோபிநாத் எழுந்தான். "எங்கப்பாவுக்கு எழுபது வயசு மதாம்," என்றான். குரல் உயரவில்லை. "மில்லு மூடினப்ப ஸ்ட்ரைக்கு பண்ணி ஒரு தடவை போலீசு வீட்டுக்கு வந்துது. அதை இன்னும் சொல்லிக்கிட்டு இருக்காரு. இன்னொரு தடவை வாசல்ல வந்து நின்னா..."

தெய்வசிகாமணி மணிக்கூண்டைப் பார்ப்பதுபோல் சுவர்க் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தார். மூன்றேகால். கேஸ் முடிந்துவிட்டது. கண்டுபிடிக்க வேண்டியதைக் கண்டுபிடித்தாகிவிட்டது. வீட்டுக்குப் போய்க் காலை ஒரு தலையணை மேல் தூக்கி வைக்கலாம்.

"ஆட்டோ கூப்பிடு ஹேமா," என்றார்.

"எத்தினி பேருக்கு சார்?"

அவர் செல்வாம்பாளைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

ஸ்டேஷனில் எழுத்தர் நாராயணசாமி மதியச் சாப்பாட்டின் மயக்கத்தில் இருந்தார். தெய்வசிகாமணியை அடையாளம் கண்டு, எழுந்திருக்கலாமா என்று யோசித்து, பாதி எழுந்து உட்கார்ந்தார்.

"என்னாண்ணே, இன்னும் ஓயலியா?"

"ஓய விடமாட்டேன்றாங்கப்பா. மத்தியானம் ஒரு புகார் வந்துதா? மொழிபெயர்ப்பு ஆபீசு?"

"இதோ இருக்கு. இன்னும் நம்பர் போடல. ஐயா வந்ததும் போடணும்." காகிதத்தை நீவினார். "கோபிநாத்துன்னு ஒருத்தன். பத்திரத் திருட்டு. ஆளு யாரு, தலைமறைவா?"

"நான்தாங்க," என்றான் கோபிநாத்.

நாராயணசாமி அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு செல்வாம்பாளை. "நீங்க?"

"அது என் ஆபீசு. அந்தப் புகார் தப்பு. திருப்பிக் குடுங்க."

"குடுத்ததை அப்படியே எடுத்துக்கிட்டுப் போவ இது என்னா மளிகைக் கடையாம்மா? நம்பர் போடலன்றதால வழி இருக்கு. ஆபீசு உங்களுதுன்னா நீங்க எழுதிக் குடுங்க. எதனால தப்புன்னு காரணம் போடணும். சும்மா 'வாபஸ்'னு எழுதினா ஐயா என்னைத்தான் கேப்பாரு."

"காகிதம் குடுங்க."

அவள் பெஞ்சில் உட்கார்ந்து மடியில் ஒரு அட்டையை வைத்து எழுதினாள். பிரெஞ்சுப் பள்ளியில் பழகிய சாய்ந்த எழுத்து, தமிழையும் சாய்த்து எழுதியது. அவசரமில்லாமல் எழுதினாள். இடையில் ஒரு தடவை நிறுத்தி, ஜன்னலைப் பார்த்து, பிறகு தொடர்ந்தாள். ஹேமலதா இரண்டு தடவை எதையோ சொல்ல வாய் திறந்தாள். தெய்வசிகாமணி பார்த்ததும் மூடிக்கொண்டாள்.

முடித்ததும் செல்வாம்பாள் அதை எழுத்தரிடம் கொடுக்கவில்லை. கோபிநாத்திடம் நீட்டினாள். அவன் படித்துப் பார்க்காமல் அந்த ஆபீசிலிருந்து எந்தக் காகிதமும் வெளியே போனதில்லை.

அவன் வாங்கிப் படித்தான். மூன்றாவது வரியில் விரல் நின்றது.

"மதாம், 'இவனைத் திருடன் என்று நினைத்தேன்'னு போட்டிருக்கீங்க. அது வேணாம். 'சந்தேகம் ஏற்பட்டது'ன்னு போட்டாப் போதும்."

"நெனச்சேனே."

"இருக்கட்டும் மதாம். ரெக்கார்டுல நிக்கும்."

"நிக்கட்டும்," என்றாள் செல்வாம்பாள். காகிதத்தை வாங்கி, அந்த வரியை அடிக்காமல், கீழே கையெழுத்துப் போட்டாள். "உன் பேர்ல இல்ல. என் பேர்ல."